மழையிலும் தண்ணீரிலும் நின்றுபோகும் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீருக்குள் போகும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

செல்ஃப் பட்டனிலிருந்து கையை எடுங்கள். சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மேடான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நின்றவுடன் கை தானாகவே பட்டனுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், கால் நனைந்துகொண்டிருக்கும், ஒரே ஒரு தடவை அடித்துப் பார்ப்போமே என்று தோன்றும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரே ஒரு தடவை போதும், ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். கிக்கர் உதைப்பதும் அப்படித்தான். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் வண்டியின் மொத்த எடையும் அதன் வேகமும் சேர்ந்து பிஸ்டனை மேலே தள்ளும்.

கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. விஷயம் அவ்வளவுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பயம் புரியும். 150 சிசி இன்ஜின், கம்ப்ரஷன் விகிதம் 10:1, அதாவது உள்ளே வந்ததைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் முழுதாக மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிச்சமிருக்கும் இடம் சுமார் 17 மில்லி. மூன்றரை டீஸ்பூன்! அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே போக வழியே இல்லை. இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருந்தால் நொடிக்குச் சுமார் 67 தடவை சுற்றுகிறது, அந்த வேகத்தில் பிஸ்டன் தண்ணீர் மேல் போய் மோதும்போது எது பலவீனமோ அது வளையும், பெரும்பாலும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். செல்ஃப் அடிக்கும்போது வேகம் குறைவு என்பதால் சில சமயம் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு அப்படியே நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்டால் பேட்டரி டவுன் என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள். ராட் லேசாக வளைந்த வண்டி ஸ்டார்ட் ஆகிவிடவும் கூடும், வீடு வரைக்கும் கொண்டுவந்துகூட விட்டுவிடும், பிறகு ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உடையும்.

உள்ளே தண்ணீர் போனதா இல்லையா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும், ஏர் ஃபில்டரில் ஆரம்பியுங்கள். இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் முக்கியமான வழி அதுதான். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் பல வண்டிகளில் ஒரு சின்ன டியூப் தொங்கும், நுனி மூடியிருக்கும். அதைக் கழற்றினால் தண்ணீர் கொட்டுகிறதா பாருங்கள். பெட்டியைத் திறந்து ஃபில்டரைத் தொட்டும் பாருங்கள். உள்ளே எல்லாம் உலர்ந்திருந்தால் இன்ஜின் தண்ணீர் குடிக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம், கரண்ட் பக்கம்தான் கோளாறு. தண்ணீர் ஆழமாக இருந்து, சைலன்சர் மூழ்கியபடியே வண்டி நின்றுபோய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் மட்டும் இந்த நம்பிக்கை வேண்டாம். வால்வு திறந்தபடி நின்றிருந்தால் அந்த வழியாகவும் தண்ணீர் ஏறும்.

ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் இன்ஜினைச் சுற்றவே கூடாது. சாவி அணைந்தே இருக்கட்டும், கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பையும் மூடிவிடுங்கள். பிளக்கைச் சுற்றியிருக்கும் சேற்றைத் துடைத்துவிட்டுக் கழற்றி, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டுவிட்டு வண்டியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். இன்ஜின் சுற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். செல்ஃப் அடித்து வெளியேற்றலாமே என்று கேட்பார்கள். செய்யலாம்தான், ஆனால் சாவி போட்டால் பிளக் கேப்பில் பொறியும் இருக்கும், ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவியும் வரும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பொறி போக இடமில்லாமல் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றினால் வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கும் காயிலும், பொறிக்கு நேரம் குறிக்கும் சிடிஐ பெட்டியும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. தள்ளுவதே நிம்மதி.

ஆழமான தண்ணீரெல்லாம் இல்லை, சாதாரண மழைக்கே என் வண்டி மக்கர் பண்ணுகிறது. ஏன்?

பெரும்பாலும் பிளக் கேப். இல்லையென்றால் அதில் வந்து சேரும் தடித்த ஒயர், இல்லையென்றால் காயில். பிளக்கில் பொறி தாண்ட ஆயிரக்கணக்கில், சுமார் 10,000 முதல் 25,000 வோல்ட் வரை வேண்டும். அவ்வளவு வோல்ட்டேஜ் எங்கே சுலபமான வழி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கேப்பின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்து அதில் ஈரமும் சேறும் சேர்ந்துவிட்டால், கரண்ட் பிளக்குக்குள் போகாமல் வெளியிலேயே இன்ஜின் உடம்புக்குத் தாவிவிடும். வண்டி மிஸ் அடிக்கும், திணறும், சைலன்சரில் படபடவென்று வெடிக்கும், அப்புறம் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து, சூட்டில் ஈரம் காய்ந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

காய்ந்ததும் தானாகவே சரியாகிவிடுவதால்தான் இந்தக் கோளாறு சுலபத்தில் பிடிபடுவதில்லை. என் பழைய வண்டி இரண்டு மழைக்காலம் என்னை இப்படிப் படுத்தியது. பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், கடைசியில் காயிலையும் மாற்றினார்கள், ஒவ்வொரு தடவையும் வெயிலில் கொண்டுபோய் விட்டதால் வண்டி அங்கே நன்றாகவே ஓடிக் காட்டியது. கடைசியில் ஒருநாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டு, செடிக்கு மருந்தடிக்கும் சின்ன ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் புகைபோல அடித்துப் பார்த்தேன். கேப்பின் கழுத்தில் நீலமாக ஒரு சின்ன மின்னல் ஓடியது, இன்ஜின் உடனே திணறியது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். காற்றோட்டமான இடத்தில், இருட்டில், கேப் மேல் மட்டும் முதலில் அடியுங்கள், பிறகு ஒயர் மேல், பிறகு காயில் மேல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் பொறுத்திருங்கள், இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாது. ஓடும்போது கேப்பையோ ஒயரையோ கையால் தொட வேண்டாம், அது கொடுக்கும் ஷாக் சாதாரணமானது இல்லை.

வழியிலேயே நின்றுவிட்டது, கையில் பெரிய கருவி எதுவும் இல்லை. பிளக் கேப்பை எப்படிச் சரிசெய்வது?

கேப்பை நேராக இழுத்துக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளேயும் வெளியேயும் உலர்ந்த துணியால் துடையுங்கள், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியையும் துடைத்துவிடுங்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல இன்ஜின்களில் அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை பக்கவாட்டில் இருக்கும், அது சேற்றால் அடைத்துக்கொண்டால் குழி ஒரு கிண்ணமாகி, பிளக் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் வடிந்துவிடும். இந்த ஓட்டை இருப்பது தெரியாமலேயே பல வருஷம் வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரே கையில் இருந்தால் கேப்பிலும் ஒயரிலும் லேசாக அடித்துத் துடையுங்கள். அதன் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளுக்கும் தண்ணீரை அகற்றுவது என்றுதான் அர்த்தம், 1953-ல் அதற்காகவே உருவாக்கப்பட்டது. ஆனால் அது இன்றைக்கு வீடு போய்ச் சேர உதவும், நிரந்தரத் தீர்வு இல்லை. நிரந்தரத்துக்கு வெடித்த கேப்பை மாற்றத்தான் வேண்டும். பல வண்டிகளில் கேப் ஒயரில் திருகாணிபோலத்தான் ஏறியிருக்கும். திருகிக் கழற்றி, ஒயர் நுனியில் பச்சை பிடித்திருந்தால் ஐந்தாறு மில்லிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கேப்பைத் திருகி ஏற்றலாம். ஏற்றும்போது ரப்பர் உதட்டின் உள்பக்கம் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், நாளாவட்டத்தில் ரப்பரை ஊதவைத்துவிடும்.

கேப் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒருநாளைக்குத் தாங்கும், ஆனால் உள்ளே வேர்த்து, காயவே விடாது. சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

கேப் நன்றாக இருக்கிறது, பிளக்கும் புதுசு. அப்படியும் பொறி வரவில்லையே?

சுவிட்சுகளைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு கில் சுவிட்ச் தினமும் மழையை வாங்குகிறது, ஆனால் யாரும் அதைத் தொடுவதே இல்லை. பத்துப் பதினைந்து தடவை இங்கேயும் அங்கேயும் தட்டினாலே உள்ளே இருக்கும் பச்சை உரசிப் போய் வேலை செய்ய ஆரம்பிக்கலாம். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இன்னும் கீழே, சேற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நியூட்ரலில் நன்றாக ஓடி, கியர் போட்டதும் அணைந்தால் அதன் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். கிளட்ச் லீவர் அடியிலும் பல வண்டிகளில் ஒரு சுவிட்ச் உண்டு, அது நனைந்தால் செல்ஃப் அடிக்காது.

இவையும் சரி என்றால் சிடிஐக்கும் காயிலுக்கும் போகும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊதி, காயவைத்து மாட்டுங்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

மழை விட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது, எல்லாம் காய்ந்துவிட்டது. இன்னமும் இழுவை இல்லை, நின்று நின்று போகிறது.

அப்படியென்றால் பெட்ரோலில் தண்ணீர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் டேங்கின் அடியிலும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலும் போய்ப் படுத்துக்கொள்ளும், பெட்ரோலை உறிஞ்சும் சின்னத் துளையான ஜெட்டும் அங்கேதான் இருக்கிறது. கிண்ணத்தின் கீழே ஒரு வடிகால் திருகாணி இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், ஒரு கண்ணாடிப் பாட்டிலை அதன் வடிகால் டியூபுக்குக் கீழே பிடித்துக்கொண்டு திருகாணியைத் தளர்த்துங்கள். பாட்டிலை அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ நிற்கும். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் டேங்கிலும் இருக்கும், அதையும் வடிக்காமல் விட்டால் நாளைக்கு மறுபடி இதே கதைதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் வேறு மாதிரி. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், ஓர் அளவைத் தாண்டியதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். அப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கியோ புதுசு ஊற்றிக் கலந்தோ மீட்கப் பார்க்காதீர்கள், முழுவதும் வடித்துவிடுங்கள்.

தண்ணீர் எப்படி டேங்குக்குள் போனது என்று பார்க்காமல் இந்த வேலை முடியாது. டேங்க் மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் இறங்க ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதிலிருந்து ஒரு டியூப் கீழே வரைக்கும் போகும். அது தூசியில் அடைத்துக்கொண்டால் மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, பழைய ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே கசியும். துவாரத்தை ஊதிச் சுத்தம் பண்ணுங்கள், வளையம் கெட்டியாகிப்போயிருந்தால் மாற்றுங்கள்.

அதற்காகத்தான் டேங்க் மூடியைப் பிளாஸ்டிக் கவரால் இறுக்கிக் கட்டிவிட்டேன். சரிதானே?

இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும், பல வண்டிகளில் அது மூடி வழியாகத்தான் போகிறது. இறுக்கிக் கட்டினால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, பெட்ரோல் இறங்காமல் நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் இதுதான் காரணம். கார்புரேட்டரிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய டியூபுகளுக்கும் இதே நியாயம்தான். ஆழமான தண்ணீரில் அவற்றின் நுனி மூழ்கினால் கிண்ணத்துக்குக் காற்று போகாமல் வண்டி அணையும், ஏர் ஃபில்டர் நனையாமலேயே. மேடான இடத்துக்கு வந்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

என்னுடையது எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி. கார்புரேட்டரே இல்லையே?

பிளக், கேப், காயில், ஏர் ஃபில்டர், சுவிட்ச் எல்லாம் அப்படியேதான், அவற்றைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். சாவி போட்டதும் டேங்குக்குள் பம்ப் ஓரிரு நொடி 'ங்ங்' என்று ஓடுகிறதா கேளுங்கள், ஓடவில்லை என்றால் ஃப்யூசையும் கனெக்டரையும் பாருங்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தால் ஏதோ ஒரு சென்சார் கனெக்டரில் ஈரம் இருக்கலாம். தண்ணீரில் வண்டி சாய்ந்து விழுந்திருந்தால் இன்னொன்று: சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், நிமிர்த்திய பிறகு சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். வேறு கோளாறே இல்லாமல் இதற்காகவே வண்டியை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஏர் ஃபில்டரைப் பார்த்த பிறகுதான் இந்தச் சாவி வேலையும்.

ஸ்கூட்டருக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, ஸ்கூட்டருக்குத் தண்ணீர் இன்னும் ஆகாது. பல ஸ்கூட்டர்களில் ஏர் ஃபில்டர் பெட்டி பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தாழ்வாக இருக்கிறது. பெல்ட் இருக்கும் பக்கத்து மூடிக்குள்ளும் குளிர்ச்சிக்காகக் காற்று போகும் வழி உண்டு, அதில் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. மூடியைக் கழற்றிக் காயவைத்தால் சரியாகிவிடும், உதிரிபாகம் எதுவும் மாற்ற அவசரப்பட வேண்டாம்.

சைலன்சருக்குள் தண்ணீர் போனால் வண்டி நின்றுவிடும் என்கிறார்களே?

ஓடிக்கொண்டிருக்கும் வரை அவ்வளவு சுலபமாக நிற்காது. பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம்தான் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம், 30 சென்டிமீட்டர் என்றால் அதில் நூற்றுக்கு 3 பங்கு, ஓடும் இன்ஜின் அதைத் தள்ளி வெளியே விட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரை மூடினால்தான் வம்பு. அதனால்தான் தண்ணீரைத் தாண்டும்போது முதல் கியரில், ரேஸை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தை அரை கிளட்ச்சில் அடக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

எவ்வளவு ஆழம் வரைக்கும் போகலாம்?

17 இன்ச் சக்கர பைக்கில் அச்சு சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே தண்ணீர், அதுவும் நிற்கும் தண்ணீர் என்றால் போகலாம் என்பது என் அளவுகோல். அதைத் தாண்டினால் திரும்பிவிடுவேன். பெரிய வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், அது கிளப்பும் அலை ஒரு நொடிக்கு ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறினால் போதும்.

ஓடும் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வேகமாக ஓடினால் 15 சென்டிமீட்டர் தண்ணீரே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளிவிடும், கலங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருக்கிறதா, ரோடே இருக்கிறதா என்றும் தெரியாது. வண்டி போனால் வேறு வண்டி வாங்கலாம். தயவுசெய்து திரும்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது. இனிமேல் கவலையில்லைதானே?

ஆயிலைப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி வழியாகவோ டிப்ஸ்டிக்கிலோ பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த ஆயிலுக்கு வழுக்கும் தன்மை போய்விட்டது, ஓட்டக்கூடாது. சூடான இன்ஜின் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, இன்ஜினின் மூச்சுக்குழாய் (பிரீதர் டியூப்) மூழ்கியிருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிளக் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகாமலேயே இது நடக்கலாம். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடி மாற்றுங்கள். இரண்டாவதும் வெளுத்து வந்தால் மூன்றாவது.

பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக் காயவையுங்கள். டிஸ்க் சீக்கிரம் காயும், டிரம்முக்குள் தண்ணீர் போனால் நேரமாகும், அதுவரை முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விடுங்கள். செயினைத் துடைத்து அன்றைக்கே ஆயில் விடுங்கள்.

வண்டி ராத்திரி முழுக்க வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது.

சாவியே போடாதீர்கள். முதல் வேலை பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுவது. அப்புறம் சேற்றைக் குறைந்த வேகத் தண்ணீரில் கழுவி, ஆயில், பெட்ரோல், கார்புரேட்டர் எல்லாவற்றையும் வடித்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, பிளக் ஓட்டையில் இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, மேலே சொன்னபடி தள்ளிச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஓரிரு நாளிலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். இதுவரை வீட்டிலேயே செய்யலாம், சீக்கிரம் செய்யவும் வேண்டும். இதற்கு மேல் மெக்கானிக்கிடம் விடுங்கள், கொண்டுபோகும்போது தண்ணீர் எதுவரைக்கும் ஏறியிருந்தது, எத்தனை மணி நேரம் நின்றது, இடையில் யாராவது செல்ஃப் அடித்துப் பார்த்தார்களா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்றாவதை வைத்துத்தான் இன்ஜினைப் பிரித்து ராடைப் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.